மாமா ரத்தத்தில் அழையா விருந்தாளி

பிப்ரவரி 3

பேராசிரியர் இன்றும் ஆய்வக மேசையிலேயே பிஸ்கட் தின்றார். தூளைப் புறங்கையால் தட்டிவிட்டு, தன் ரத்தத்திலிருந்து மரபணுவைக் கோடிக்கணக்கில் பிரதியெடுத்த குழாயை அங்கேயே திறந்தார். அதை அடுத்த அறையில்தான் திறக்க வேண்டும். இந்த மேசையில் நோயாளிகளின் ரத்தம் இருக்கிறது, மாமாவுடையதும்; ஒரு துளி தெறித்தாலும் கலந்துவிடும். சொன்னேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சவன்மா நான்." வாய் நிறைய பிஸ்கட்.

பிப்ரவரி 12

மாமாவின் முடிவு வந்துவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்றியபின் அவருக்குக் கிருமியை எதிர்க்கும் டி செல்கள் புதிதாக முளைக்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு ரக ஏற்பி. எத்தனை ரகமோ அத்தனை கிருமிகளை உடம்பு இனம் கண்டுகொள்ளும். மாமாவுக்கு ரகம் ஏராளமாம். அதற்காகப் பேராசிரியர் கொடுத்துப் பார்க்கும் புது மருந்து ஜெயித்துவிட்டதாம். தனியறையிலிருந்து வெளியே வரலாமாம்.

போனில் மாமா: "திங்கக்கிழமைலேருந்து மறுபடி பஸ் ஓட்டப் போறேன். உங்க அத்தைக்குத்தான் வருத்தம், டிவி ரிமோட் என் கைக்கு வந்துடும்ல."

பிப்ரவரி 13

சந்தோஷப்பட முடியவில்லை. இவ்வளவு சீக்கிரம் எப்படி?

இரட்டைப் பிள்ளைகளுக்கே ஏற்பிகள் இப்படி வரிசையாக ஒத்துப்போகாது. ஆனால் மாமாவின் தரவில் பாதிக்குமேல் பேராசிரியருடைய ஏற்பிகள்; கருவியைச் சோதிக்கத் தன் ரத்தத்தையே போட்டு ஓட்டினாரே, அந்தப் பட்டியலோடு அப்படியே ஒத்துப்போகின்றன.

சே. அவர் குழாயிலிருந்து தெறித்தது, மாமா கணக்கில் ஏறியிருக்கிறது. கழித்துப் பார்த்தேன். மாமாவுக்கு மிஞ்சியது கைப்பிடி அளவு. மருந்து சாப்பிட்ட எல்லோருக்கும் இதே கதை.

பிப்ரவரி 14

பேராசிரியரிடம் காட்டினேன்.

"மாநாட்ல இந்த முடிவைச் சொல்லப்போறேன், அது முடியட்டும். சோதனைய மறுபடி ஓட்டிக்கலாம்."

"திங்கக்கிழமை அவர் பஸ்ல ஏறப்போறார் சார். வண்டி நிறைய இருமறவங்க."

"மாமாங்கறதால பதட்டப்படறே." தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தொட்ட சட்டையை ஊறப்போட்டேன். எப்படிய்யா முடியுது? எல்லாம் தெரிஞ்சும் எப்படி முடியுது — அந்தக் கையாலயே தட்டிக்குடுக்க?

பிப்ரவரி 15

எல்லோருடைய தரவையும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவருக்கு அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

பிப்ரவரி 17

மருத்துவர் தனியறையை விட்டு வெளியே விடவில்லை என்று மாமா போனில் கத்தினார். "யூனிஃபார்ம இஸ்திரி போட்டு மாட்டியாச்சு. ஏன் என் வாயில மண்ணப் போட்டே?"

மார்ச் 20

என் மேசையை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். பேராசிரியர் இப்போது கையுறை போடுகிறார், யாராவது பார்க்கும்போது. அதைப் பார்த்தால் இன்னும் அருவருப்பு.

வேறு ஆய்வகத்தில் மாமாவின் ரத்தத்தைப் புதிதாக எடுத்துப் பார்த்தார்கள். அதே கைப்பிடிதான்.

மாலை மாமாவைப் பார்க்கப் போனேன். தனியறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார். அவருக்குப் பதிலாக பஸ் ஓட்டியவர் நுரையீரல் காய்ச்சலில் படுத்திருக்கிறாராம், கண்டக்டரும்.

பிறகு, "அத்தைகிட்ட அந்த ரிமோட்ட மட்டும் வாங்கிக் குடும்மா" என்றார்.