இழுத்துப் போடும் கோப்பி

வியாழன், மார்ச் 6

காலையிலிருந்து தூறல். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வெயில் கண்டு பத்து நாளிருக்கும்.

நேற்று நரம்பு டொக்டர் வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். பார்க்கின்சன். எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. வலது கை மடியில் கிடந்தபடி தானாக ஆடத் தொடங்கி ஒரு வருடம். மருந்து மூன்று வேளை. மனைவி மலர் (ம.) வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை கலியாண அலுவல் முடியுமட்டும் வெளியிலை மூச்சு விடக்கூடாது. தகப்பனுக்கு உப்பிடி வருத்தம் எண்டால் பரம்பரை எண்டு சொல்லுவினம்."

பிள்ளை தாரணி. இருபத்தொன்பது, கவுன்சிலில் வேலை. சம்பந்தம் இங்கே வட லண்டன் எட்மண்டனில். பெடியன் பெயர் நிரோஷன். கொண்டு வந்தவர் கோயிலில் பழக்கமான பரமேஸ் அக்கா. சாதகம் பொருந்திவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்று தரம் வெளியே சந்தித்தும் ஆயிற்று. 16ஆம் திகதி ஞாயிறு தாய் தகப்பனோடு இங்கே வருகிறார்கள்.

"ஓம்" என்றேன். 

இன்னொரு விஷயம். வேலையிலிருந்து நின்றபோது தந்த காசில் எனக்கென்று ஏதாவது வாங்கச் சொல்லி தாரணி இரண்டு மாதமாகக் கரைச்சல். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, கோப்பி மெஷின். இத்தாலியில், பலெர்மோவில் பத்தொன்பது வருடம் ஒரு கோப்பி பாரில் நின்று எஸ்பிரெசோ போட்டவன் நான். பிள்ளை இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று லண்டன் வந்த பிறகு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கினேன். அந்தப் பத்தொன்பது வருடமும் மெஷின் முதலாளியுடையது.

பார்த்து வைத்தவை:
அ. இரண்டு பொயிலர், பம்ப், முன்னுக்கு டிஜிட்டல். சூட்டை ஒரு பாகை கூட்டலாம், குறைக்கலாம்.
ஆ. பட்டன் அமர்த்தினால் அரைத்து, இறக்கி, பாலும் நுரைக்கும் ஒன்று. ம.வின் ஆசை இதுதான். இதற்கு நான் எதற்கு?
இ. நெம்புகோல். பம்ப் இல்லை. கையால் கீழே இழுக்க வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கோப்பியை அமுக்கி இறக்கும். பாரில் இருந்தது இந்த வகை.

கோப்பிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர் இன்னும் தீர்மானிக்கவில்லை. மெஷின் எவ்வளவு நல்லதென்றாலும் தூள் சரியில்லாவிட்டால் வெறும் கறுத்த தண்ணீர். கடையில் காசைக் கொட்டுகிற பாதிப் பேருக்கு இது தெரியாது.

மருந்து: காலை ஓம். மத்தியானம் மறந்துவிட்டேன். இரவு ஓம்.

சனி, மார்ச் 8

தாரணியோடு கடைக்கு. ஆற்றுக்குத் தெற்கே, றெயில் பாலத்து வளைவுக்குள். மேலே றெயில் போகும்போதெல்லாம் கப்புகள் கிணுகிணுத்தன. விற்பனையில் நின்றவள் சின்னப் பெண், காதில் நாலு தோடு. ஆனால் வேலை தெரிந்தவள். மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

முதலில் அ. நல்ல மெஷின், குறை சொல்ல முடியாது. பட்டனை அமர்த்திவிட்டு நிற்கும்போது என் கை ஆடத் தொடங்கியது. பொக்கற்றுக்குள் விட்டேன். அங்கேயும் ஆடியது. தாரணி வேறு பக்கம் பார்த்தாள், பார்க்காத மாதிரி. பிள்ளைக்கு நடிக்க வராது. நெற்றியில் எல்லாம் தெரியும்.

பிறகு இ. அந்தப் பெண் எச்சரித்தாள்: பாதியில் கைவிட்டால் நெம்புகோல் மேலே பாய்ந்து தாடையைப் பெயர்த்துவிடும். தெரியும் என்றேன். பலெர்மோவில் ஒருவனுக்குப் பல்லே போனது.

பிடித்தேன். இழுத்தேன்.

கை நின்றுவிட்டது.

அடிவரைக்கும் இழுத்து, மூன்று எண்ணி, மெல்ல விட்டேன். கோப்பி எலி வால் போல மெல்லிசாக இறங்கியது. அவ்வளவு நேரமும் ஒரு நடுக்கமும் இல்லை. இரண்டாவது தரம் இழுத்துப் பார்த்தேன். அதே. டொக்டர் அன்றைக்கு இங்கிலிஷில் ஏதோ சொன்னாரே, சும்மா வைத்திருந்தால்தான் கூடும், வேலை செய்தால் குறையும் என்று. எனக்கு அப்போது ஒன்றும் காதில் ஏறவில்லை.

தாரணி என் கையைப் பார்த்தபடி நின்றாள். "அப்பா, இதுதான்" என்றாள். 

ஒரு வருடமாக வீட்டில் நடந்தது வேறு. கத்தியைத் தா, கப்பைத் தா, நீங்கள் சும்மா இருங்கோ என்று ம. ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டாள். அன்பில் செய்ததுதான். சும்மா இருந்து இருந்தே ஆடியிருக்கிறேன். கோபம் வருகிறது, யாரில் என்று தெரியவில்லை.

கிரைண்டர் மூன்று பார்த்தோம். கையால் சுற்றுவது: சத்தமில்லை, நல்ல தூள், ஆனால் ஒரு கப்புக்கே நெடுநேரம் சுற்ற வேண்டும், சரிவராது. மேலே கொட்டை நிரப்பி வைப்பது: வீட்டுக்கு எதற்கு, பழசாகிப் போகும். மூன்றாவது ஒரு கப்புக்கு வேண்டிய கொட்டையை மட்டும் நிறுத்துப் போடுவது. தூள் சின்னக் கிண்ணத்தில் விழும், அதை மெஷினில் பூட்டும் கரண்டிமேல் கவிழ்த்தால் போதும். சிந்தாது. இதுவே.

புதன் கொண்டுவந்து தருவார்களாம்.

திங்கள், மார்ச் 10

காற்று. பின் வேலிப் பலகை ஒன்று விழுந்தது.

ம.வுக்கு விஷயம் சொன்னேன். வெடித்தாள்.

"பட்டன் மெஷின் வேண்டச் சொன்னால் இரும்புத் தடி வேண்டுறார்! கை வழுக்கினால் வாயும் பல்லும் போம்!"

"பிடிச்சால் நடுங்கேல்லை மலர். உம்மடை பிள்ளையைக் கேளும்."

தாரணி சொன்னாள். ம. நம்பவில்லை. கரண்டியைக் கழுவி வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"உண்மையாவே பிடிச்சால் நிக்குமோ?"

"ஓம்."

"அப்ப நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் நிக்குமட்டும் நீங்கள் குசினிக்குள்ளை மெஷினோடையே நில்லுங்கோ. கோப்பி போடுறார் எண்டு சொல்லலாம். வெளியிலை வந்து இருந்தால்தானே ஆடும்."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. வாங்கப்போனது எதற்கு, அவள் கண்டுபிடித்த பயன் எது. சரி என்றேன். பிள்ளையின் வாழ்க்கை. ஒரு மணித்தியாலம் அடுப்படியில் நிற்பதில் என்ன குறைந்துவிடப் போகிறேன்.

புதன், மார்ச் 12

பன்னிரண்டேகாலுக்கு இரண்டு பேர் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்கள். என்ன பாரம்! ம. பெட்டியை உடைக்க விடவில்லை. ராகுகாலமாம், ஒன்றரை வரை. நான் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன், ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை இருப்பது போல. ஒன்று முப்பத்தொன்றுக்கு உடைத்தேன். அவள் நெம்புகோலின் தலையில் சந்தனப் பொட்டு வைத்து, குங்குமமும் வைத்தாள். கிரைண்டருக்கும் ஒன்று. தடுக்கவில்லை.

லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு. நேரே விட்டால் பொயிலர் ஒரு வருடத்தில் கேத்தில் அடி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் வடிகட்டும் ஜக் ஒன்று தனியாக வாங்கினேன்.

முதல் கோப்பி: புளி. இரண்டாவது: இன்னும் புளி. கிரைண்டரை இரண்டு கோடு இறுக்கி, தூளை மெலிதாக்கினேன். மூன்றாவது: துளி துளியாக, கசாயம். ம. ஒரு வாய் குடித்தாள்.

"மருந்துதானப்பா."

"சரியாய் வரேக்கை சொல்லுறன்."

ஏழாவது சரி. யாரும் இல்லை, தனியே நின்று குடித்தேன். அழுகை வந்தது. வெட்கமில்லை, எழுதி வைக்கிறேன்.

வெள்ளி, மார்ச் 14

மருந்து மூன்று வேளையும் ஓம்.

ஒத்திகை. ஆறு கப் போட இருபத்தைந்து நிமிடம். ஒவ்வொன்றாகத்தான் வரும். ம. கணக்குப் பார்க்கிறாள்: வந்தவுடன் ஜூஸ், பிறகு ரோல்ஸ், கேக், கடைசியாகக் கோப்பி. "மெதுவாப் போடுங்கோ. எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை." ஒரு கோப்பிக்காரனிடம் யாரும் கேட்கக்கூடாத வேண்டுகோள்.

எல்லோரும் பால்கோப்பிதான் கேட்பார்கள், இரண்டு கரண்டி சீனியோடு. பலெர்மோவில் என்றால் வாசலைக் காட்டியிருப்பேன். கிடக்கட்டும்.

தாரணி குசினி வாசலில் நின்று கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு இது சரியா? ஒளிஞ்சு நிக்கிறது?"

"உன்ரை கலியாணம் முடியட்டும் பிள்ளை."

ஏதோ சொல்ல வந்தாள், சொல்லவில்லை. போய்விட்டாள்.

ஞாயிறு, மார்ச் 16. பின்னேரம்

போய்விட்டார்கள். ம. மேலே அறைக்குள், கதவு சாத்தி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். நிரோஷன், தாய், தகப்பன். நல்ல சனம். தகப்பன் முன்னம் பாரிஸில் இருந்தவர், உணவகத்தில் கோப்பை கழுவியதில் தொடங்கியவராம். நான் வணக்கம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். ம. திட்டம் போட்டபடி எல்லாம் போனது. ஆறு கப். ஒரு துளி சிந்தவில்லை. தாரணி தட்டில் கொண்டுபோனாள். தகப்பன் அங்கிருந்தே, "அண்ணை, பாரிஸிலையும் நான் இப்பிடிக் குடிக்கேல்லை!" என்றார். நெஞ்சு நிறைந்தது உண்மை.

துடைத்ததையே துடைத்துக்கொண்டு நின்றேன். ஏழாவது கப் போட ஆளில்லை.

"அண்ணை, அங்கை என்ன செய்யிறியள்? வந்து இருங்கோவன், உங்களோடை கதைக்கத்தானே வந்தனாங்கள்." தகப்பன் எழும்பிக் குசினிக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

இருந்தேன். இரண்டு நிமிடம். மடியில் கை தொடங்கியது. பயத்தில் இன்னும் கூடியது. இடது கையால் அமத்தினேன், இரண்டும் சேர்ந்து ஆடின. நிரோஷனின் தாய் பார்த்தார்.

"அண்ணைக்குக் குளிருதோ?"

ம. உடனே: "ஓம் ஓம், இவருக்குக் குளிர் ஏலாது. தாரணி, ஹீட்டிங்கைக் கூட்டு."

தாரணி எழும்பவில்லை. என்னையே பார்த்தாள். சம்பந்தம் பேச வந்த வீட்டில், அந்தக் கோப்பியைக் குடித்துவிட்டு இருக்கிறவர்களுக்கு முன்னால், குளிர் என்று இருக்க என்னால் முடியவில்லை.

"குளிரில்லை தங்கச்சி. எனக்குப் பார்க்கின்சன். போன கிழமைதான் உறுதியாச் சொன்னவை. வேலை செய்யேக்கை நடுங்காது, சும்மா இருந்தால் நடுங்கும். அதுதான் குசினிக்குள்ளை நிண்டனான்."

 ம. தரையைப் பார்த்தாள். தகப்பன் கோப்பியைக் கடைசி மிடறு வரை குடித்து வைத்தார். "மருந்து இருக்குத்தானே அண்ணை" என்றார். தாய் நேரத்தைப் பார்த்தார். எட்மண்டன் றோட்டில் நெரிசலாம். நிரோஷன் என் முகத்தைப் பார்க்காமல் விடைபெற்றான்.

செவ்வாய், மார்ச் 18

வெயில். யாருக்கு வேண்டும்.

பத்து மணிக்குப் பரமேஸ் அக்காவின் போன். ம. சமைக்கும்போது போனை ஸ்பீக்கரில்தான் வைப்பாள், அதனால் எனக்கும் கேட்டது. எட்மண்டன்காரர் சாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம். செவ்வாய் தோஷமாம். முதல் தரம் பார்த்தபோது அந்தச் செவ்வாய் எங்கே போயிருந்தது?

ம. போனை வைத்தாள். "ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மெஷினைப் போடவில்லை. நாள் முழுவதும் கை ஆடியது.

ஆறு மணிக்குத் தாரணி. தெரிந்துவிட்டது அவளுக்கு, நிரோஷன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றேன். கோட்டைக் கழற்றாமலே இருந்தாள்.

"அப்பா, அவருக்கு முதலே தெரியும். மூண்டாவது தரம் சந்திச்சநேரம் நானே சொன்னனான், டொக்டர் சந்தேகப்படுறார் எண்டு. ஒரு பிரச்சினையுமில்லை எண்டவர். தன்ரை அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம் எண்டவர்."

ம. அடுப்பை நிறுத்தினாள்.

"தாய்க்குத் தெரிஞ்ச உடனை ஆளுக்குக் குரலே இல்லை. நல்லகாலம் அப்பா சொன்னது. நான் அழுறது அவரை நினைச்சு இல்லை. மூண்டு தரம் பாத்தும் எனக்கு ஆளை விளங்கேல்லையே எண்டுதான்."

ம. அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம்.

வியாழன், மார்ச் 20

குளிர், மேகம். மருந்து காலை ஓம்.

பதினொரு மணி. திரும்பப் பரமேஸ் அக்கா, ஸ்பீக்கரில். இன்னொரு இடம் இருக்கிறதாம், சவுத்தால் பக்கம், பெடியன் கணக்காளர். வருகிற ஞாயிறே வர ஆயத்தமாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மலர், ஒண்டு கேக்கிறன், குறை நினையாதை. எட்மண்டன் பகுதி ஏதோ சொல்லிச்சினம். நான் நம்பேல்லை. உங்கடை வீட்டிலை வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லைத்தானே? இல்லையெண்டு சொல்லு, நான் அப்பிடியே சொல்லிவிடுறன்."

நான் மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ம. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லையென்று சொல்லும், பரவாயில்லை என்று. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"இருக்கு அக்கா" என்றாள். "இவருக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும். பெலத்துத்தான் நடுங்கும்."

போனைக் கிட்ட இழுத்தாள்.

"அதைச் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தெரிஞ்சு வாற சனம் வரட்டும். கோப்பி இவர்தான் போடுவார், போட்டுட்டு வந்து எங்களோடை இருப்பார்."

போனை வைத்துவிட்டாள்.  முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பால் முடிஞ்சுது. வெளிக்கிட்டுப் போய் வேண்டிக்கொண்டு வாங்கோ."

போய் இரண்டு போத்தல் வாங்கி வந்தேன்.