கயிற்றின் கடைசி ஆள்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று கடையில் ஒரு டீச்சரம்மாவின் மூக்குக் கண்ணாடியில் இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கினார், சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்க கடை வாசல் சாயுதா, நான் சாயறேனா?" முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். திருகுகளைக் கழற்றி லென்ஸ்களை மாற்றி மாட்டிக் கொடுத்தேன்.

கவனம் கடையில் இருந்தால்தானே. அது கயிற்றில் கிடக்கிறது.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் லீவு வருகிறது. வருஷா வருஷம் இந்த லீவில் எங்கள் தெரு இரண்டு முனையிலும் வேனை நிறுத்தி வழியை அடைத்துவிடும். மேசைகளை நடுத்தெருவில் போட்டு எல்லாரும் சேர்ந்து சமைப்போம், சாப்பிடுவோம், மத்தியானம் நாற்காலியிலேயே தூங்குவோம். ஞாயிறு சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டி. தெரு சரிவானது; மேட்டில் இருப்பவர்கள் மேல் வரிசை, நாங்கள் கீழ் வரிசை. தோற்ற வரிசை அத்தனை பாத்திரத்தையும் தேய்த்து, தெருவையும் பெருக்க வேண்டும்.

கீழ் வரிசையின் கடைசி ஆள் என் வீட்டுக்காரர். கயிற்றை இடுப்பைச் சுற்றி வாங்கி, குதிகாலை ஊன்றி நின்றாரென்றால் நின்றதுதான். தெருவில் அவருக்கு 'நங்கூரம்' என்றே பெயர்.

மே மாதம் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். நங்கூரம் ஒரு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் கடைகளுக்கு ஷட்டர் மாட்டி ரிப்பேர் பார்ப்பவர்; வெளியூரில் ஷட்டர் வேலை என்று சொல்லியிருக்கிறோம்.

செப்டம்பர் 4, வியாழன்

கேட்டுவிட்டேன். "ஞாயித்துக்கிழமை நீங்க கயிறு புடிக்கப் போறதில்லதானே?"

"ஏன் புடிக்காம?"

"டாக்டர் தூக்காதே, இழுக்காதேன்னு சொன்னாரு. அடுத்த புதன்கிழமை டெஸ்ட் வேற இருக்கு."

"அரை நிமிஷ விஷயம். அதுக்கு என்னத்தச் சொல்லி ஒதுங்கறது? நெஞ்சுல கம்பி வச்ச ஆளுன்னு தெரிஞ்சா ஒரு கைப்பிடி மாட்டக்கூட எவனும் என்னைக் கூப்பிட மாட்டான். நீ யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

மே மாதமே சத்தியம் வாங்கியாகிவிட்டது. எத்தனை தடவை வாங்குவார்? மாத்திரைகளைக்கூட பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், விருந்தாளி கண்ணில் படக்கூடாதாம். விருந்தாளிக்கு நான் அந்த டப்பாவை நீட்டாமல் இருக்க வேண்டும், அது என் பாடு.

அந்த மாத்திரை ரத்தத்தை நீர்க்க வைக்கிறது. போன வாரம் சவரக் கத்தி கீறியதற்கே அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றார். மேசை முனை இடித்தால் கறுநீலமாகக் கன்றிப் போகிறது. இடுப்பில் கயிறு இறுக்கினால்? அந்தப் பக்கம் எட்டு ஆள் இழுத்தால்?

மகளிடம் போனில் புலம்பினேன். அவள் ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும். "அம்மா, அப்பாவைக் கட்டிப் போடு" என்றாள். கயிற்றில் கட்டிப் போடும் நாளைப் பற்றித்தானே பேசுகிறேன், பைத்தியக்காரி.

செப்டம்பர் 5, வெள்ளி

நீள மேசை எங்கள் ஷெட்டில்தான் இருக்கும். வருஷா வருஷம் அதை ஒற்றை ஆளாக முதுகில் கவிழ்த்து எடுத்துப் போவார். பத்து பேர் சாப்பிடும் மேசை. இன்று சாயங்காலம் குனிந்துவிட்டார். நான் போட்ட கத்தலில் மேல் வரிசை பேக்கரி அண்ணன் மாவுக் கையோடு ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தார். "என்ன அண்ணே, இந்த வருஷம் தங்கச்சி ரொம்ப சத்தம் போடுது?"

"அவளுக்கு வயசாகுது" என்றார் இவர்.

எனக்காம். இருக்கட்டும்.

பிறகு விசில் சார் வீடு வரை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். விசில் சார் ரிட்டயரான டிராபிக் போலீஸ்காரர். போட்டிக்கு விசில் ஊதுவது அவர்தான். வெகுநேரம் கழித்துத்தான் இவர் திரும்பி வந்தார். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, "சும்மா."

செப்டம்பர் 6, சனி

நல்ல வெயில், நல்ல காற்று. தெருவில் வண்டிச் சத்தமே இல்லை. எல்லாரும் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். எலக்ட்ரிஷியன் வீட்டு வாசலில் பாட்டு. சரிவான தெருவில் நாற்காலி ஆடாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் மரத்துண்டு செருகுவது மேல் வரிசையாரின் கலை. இவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மர நிழலில் தூங்கினார். ஊரே ஓய்வெடுக்கிறது. நான் மட்டும் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை தொப்பி அசையவில்லை என்று தோன்றி எழுந்து போய்த் தோளைத் தட்டினேன். "தூங்க விடேன்" என்று சீறினார். சீறினாரே, அதுவே போதும்.

செப்டம்பர் 6, இரவு

சொல்லிவிட்டேன்.

பேக்கரி அண்ணன் வீட்டு அக்காவும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "என்னடி, வெங்காயத்துக்கு மேலேயே அழறியே" என்றார் அக்கா. அவ்வளவுதான், மே மாதத்திலிருந்து அடைத்து வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. ஸ்டென்ட், மாத்திரை, புதன்கிழமை டெஸ்ட், எல்லாம்.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இப்ப நான் என்ன செய்யணும்?"

"அண்ணன்கிட்ட சொல்லுங்க. அவர்தானே மேல் வரிசைக்குத் தலைவர். ஜெயிங்க, தோத்துப் போங்க, எனக்குக் கவலையில்ல. சட்டுனு முடிச்சுடுங்க. வேற யாருக்கும் தெரிய வேணாம்க்கா."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது."

சொன்னதும் நெஞ்சு லேசானது உண்மை. அது கொஞ்ச நேரம்தான். சாப்பாட்டு நேரத்தில் அக்கா வாய் ஓயாமல் அண்ணன் காதில் பேசுவதைப் பார்த்தேன். அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். உடனே வேறு எங்கோ பார்த்தார். அதுதான் வினை. அப்படிப் பார்ப்பவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது.

செப்டம்பர் 7, ஞாயிறு, காலை

இன்று ஏன் எல்லாரும் இவருக்கு நாற்காலி போடுகிறார்கள்?

எலக்ட்ரிஷியன் தண்ணீர்க் குடத்தை இவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார். எங்கள் வரிசைப் பையன்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள், நான் பக்கத்தில் போனதும் வானிலை பற்றிப் பேசுகிறார்கள். தையல்காரர் இவருக்கு மட்டும் உப்பில்லாமல் சூப் கொண்டுவந்து வைத்தார். அக்கா, உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை போகாது, சரி. மொத்த அகராதியும் போயிருக்கிறது.

இவர் சூப்பைக் குடித்துவிட்டு, "தையல்காரனுக்கு சமைக்கவே வராது" என்றார். இன்னும் பிடிபடவில்லை.

ஓடி வந்து எழுதுகிறேன். சாயங்காலம் எப்படிப் போகப் போகிறதோ.

செப்டம்பர் 7, ஞாயிறு, போட்டிக்குப் பிறகு

எப்படி எழுதுவது.

கயிற்றை விரித்தார்கள். நடுவில் சிவப்புக் கைக்குட்டை. இவர் கடைசியில் போய் நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை ஊன்றினார். அக்காவின் கையைப் பிடித்திருந்தேன், நகம் பதிந்திருக்கும். விசில் சார் ஊதினார்.

இரண்டு பக்கமும் "ஹேய்" என்று கத்தினார்கள். பல்லைக் கடித்தார்கள். முகமெல்லாம் சுருங்கிச் சிவந்தது. பேக்கரி அண்ணன் கழுத்து நரம்பு புடைக்க முக்கினார். ஆனால் கயிறு மட்டும் நடுவில் தொய்ந்து தரையில் கிடந்தது. கைக்குட்டை மண்ணில் புரண்டது.

ஒருத்தரும் இழுக்கவில்லை.

மேல் வரிசை, நங்கூரத்தை இழுத்துவிடக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறது. எங்கள் வரிசை, நாம் இழுத்தால் அவரும் வேகத்தில் இழுப்பார் என்று தனியாகப் பேசி வைத்திருக்கிறது. ஒருத்தருக்கொருத்தர் சொல்லவில்லை. பதினாறு ஆம்பளைகள் ஒரு தொய்ந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்குகிறார்கள். பார்த்தவர்களுக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

விசில் சார் உடனே மறுபடி ஊதிவிட்டார். "டிரா!" எங்கள் தெருவில் டிரா என்று ஒன்று நடந்ததே இல்லை. அதென்ன அவசரம் அவருக்கு?

இவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். வருஷக் கணக்காக அந்தக் கயிற்றின் பாரம் தெரிந்த கை. பிறகு முன்னால் நின்ற ஏழு முதுகுகளையும் பார்த்தார், எதிரே எட்டு முகங்களையும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன்.

"சொல்லிட்ட."

"ஆமா, சொன்னேன்."

"என்னை நோயாளியாக்கி நடுத்தெருவுல நிறுத்திட்ட."

வீட்டை ஒட்டிய தன் பட்டறைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். குனிந்தால் கால் மட்டும் தெரிகிறது. சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. கோபப்பட்டால் பிரஷர் ஏறும். இழுக்காமல் காப்பாத்தினேன்னு நினைச்சேனே, இப்ப இந்தக் கோபமே அவரை என்னமாவது பண்ணிட்டா? நான் என்ன பண்ணுவேன்? சொன்னாலும் தப்பு, சொல்லாட்டியும் தப்பு. என்னதான் பண்ணச் சொல்றாங்க என்னை?

ஷட்டருக்குக் கீழே கால் ஆடியது. சரி. ஆடட்டும்.

செப்டம்பர் 8, திங்கள், காலை

சட்டை மாற்ற வந்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். நான் இடுப்பைப் பார்த்தேன். வருஷா வருஷம் போட்டிக்கு மறுநாள் அங்கே பெல்ட் மாதிரி ஒரு சிவந்த தடம் இருக்கும், தைலம் தேய்த்துவிடுவேன். இன்று ஒரு கோடுகூட இல்லை. திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது.

செப்டம்பர் 8, மத்தியானம்

விசில் சார் வாசலில் வந்து நின்றார். டிரா என்றால் பாத்திரம் யார் தேய்ப்பது என்று பஞ்சாயத்தாம். இரண்டு வரிசையும் சேர்ந்து தேய்க்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. போகிறபோது, "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே, அவர்கிட்ட சொல்லும்மா, அவர் கேட்ட மாதிரியேதான் ஊதினேன், நான் அதுக்கு மேல ஒரு மூச்சுகூட விடல" என்றார்.

"எவர் கேட்ட மாதிரி?"

சார் முழித்தார். வெள்ளிக்கிழமையே வந்து கேட்டாராம். நெஞ்சு விஷயத்தைச் சொல்லி, ரெண்டு மூச்சிலேயே டிரா என்று முடித்துவிடுங்கள், வீட்டில் தெரிய வேண்டாம் என்றாராம்.

நான் ஷட்டரைத் தூக்கினேன். அந்தக் கோபத்தில் எனக்கு நெஞ்சு வெடிக்காதது பெரிசு.

"என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, நீங்க போய் விசில் சார்கிட்ட சொல்லியிருக்கீங்க!"

ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சுருள் ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பயமா இருந்துச்சு" என்றார்.

இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை. கத்த வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்து போனது.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவ."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். "மே மாசத்துலேருந்து நான் என்ன செஞ்சுட்டு இருக்கேன்னு நினைச்சீங்க?" அவர் ஸ்பிரிங்கைக் கீழே வைத்தார். துணியின் எண்ணெய் படாத முனையைத் தேடி எடுத்து நீட்டினார், கண்ணைத் துடைக்க. அப்படி ஒரு முனை அந்தத் துணியில் இல்லவே இல்லை.

செப்டம்பர் 8, சாயங்காலம்

தெருக் குழாயடியில் இரண்டு வரிசையும் சேர்ந்து பாத்திரம் தேய்த்தது. இவர் போய் பேக்கரி அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு குண்டானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு இவர், "முக்கற மாதிரி நடிக்கத் தெரியல உனக்கு. பிரசவ வலி மாதிரி இருந்துச்சு" என்றார். எலக்ட்ரிஷியன் தண்ணீரில் விழுந்து சிரித்தார்.

எல்லாம் முடிந்து நீள மேசை மட்டும் தெருவில் நின்றது. இவர் ஒரு முனைக்குப் போனார். நான் வாயைத் திறக்குமுன் தெருவைப் பார்த்து, "யாராச்சும் ஒரு கை புடிங்கப்பா" என்றார்.

செப்டம்பர் 10, புதன்

டெஸ்ட். டிரெட்மில்லில் அவர் நடந்தார், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் கண்ணாடித் திருகையே திருகிக்கொண்டிருந்தேன், கழன்று விழுந்துவிட்டது. நெஞ்சு நன்றாக இருக்கிறதாம். நடக்கலாம், வேலை செய்யலாம், அளவோடு. பாரம் தூக்குவது, கயிறு இழுப்பதெல்லாம் இனிமேல் வேண்டாமாம். இவர் தலையாட்டினார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். வந்து ஒரு முனையைப் பிடித்தார். மடிக்கத்தான் என்று நினைத்தேன்.

"அடுத்த வருஷம் கடைசி ஆளா நீ நில்லு."

"நானா?"

"பேக்கரிக்காரன் பொண்டாட்டி ரெண்டு வருஷம் இழுத்தா. உனக்கு என்ன குறைச்சல்? வெயிட்டும் இருக்கு, பிடிவாதமும் இருக்கு."

"யாருக்கு வெயிட்டு?"

"இடுப்புல சுத்து. அப்படியில்ல, அடியிலேருந்து வாங்கு. குதிகால ஊனு. பின்னால சாய். இன்னும் சாய், பயப்படாத."

போர்வை இறுகியது. மறுமுனை அவர் கையில். எனக்குப் பகீரென்றது.

"ஏங்க, இழுக்காதீங்க!"

"நான் எங்க இழுக்கறேன்? புடிச்சுட்டுதான் நிக்கறேன். நீ சாய்."

சாய்ந்தேன்.