எண்ணூர்ச் சாலையில் ஒரு சுவர்

அன்புள்ள பூங்கொடிக்கு,

நான் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? போனில் சொல்ல நாக்கு கூசுவதால் எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர்ச் சாலையில் நாள்கணக்கில் நிற்கின்றன. ஒதுங்க இடமில்லை. காலையில், மற்ற டிரைவர்களைப் போலவே நானும் ஒரு மீனவர் வீட்டுச் சுவரோரம் நின்றுவிட்டேன். வீட்டுக்கார அங்கம்மா வாளித் தண்ணீரோடு வந்தார். என்மேல் ஊற்றப்போகிறார் என்று நினைத்தேன். சுவரைக் கழுவினார்.

"இன்னாபா, வூட்ல கக்கூஸ் கீது. கேட்டா வாணாம்னா சொல்லப்போறேன்?" என்றார்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இங்கே வரும் நம் ஊர் வண்டியில் கொஞ்சம் ஊறுகாய் கொடுத்தனுப்பு. முன்னால் லாரி நகர்கிறது. இன்னொரு விஷயம். காலம் கெட்டுப்போச்சு, ஒருத்தனுக்கும் நாகரிகம் இல்லை என்று கத்திக்கொண்டே நம் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிப்பவன் நாய்' என்று எழுதினேனே, அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிடு.

உன்
சின்னராசு