மூன்று ஆலோசகர், மூன்று கிடாய்

பிஸ்மில்லாஹ்.

அன்பு மகன் எர்மெக், என் குதிரைக்குட்டியே, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நான் நலம், உன் அப்பா நலம், கொட்டிலில் இருந்த ஏழு ஆட்டில் நாலு நலம். மீதி மூன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துவிடுவாய், தாளில் எழுதினால் சியோலில் உன் தலைமாட்டில் கிடந்து உறுத்தும் என்றுதான் எழுதுகிறேன்.

முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் ஓய்வு பெற்றால் வீடு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்து முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து, கிளம்பலாமா என்கிறார். நான் அடுப்படியிலிருந்து கொட்டிலுக்குப் போனால் எங்கே, எப்போது திரும்புவாய் என்று கேட்கிறார். சாயா குடிக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷம் நிறுத்தம் என்று அறிவிக்கிறார். இந்த நிலையில்தான் நீ போன் பண்ணி, ஓய்வுப் பணத்தைச் சும்மா வைக்காதீங்க அப்பா, நல்ல நிதி ஆலோசகரைப் பாருங்க, ஒருத்தரோட நிறுத்தாம மூணு பேரைப் பார்த்து ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க என்றாய். புத்தகத்தில் படித்தால் நல்ல யோசனைதான். ஆனால் நீ பிறந்த ஊரை மறந்துவிட்டாய் மகனே. அவர்கள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் போதும் என்று நான் சொன்னதற்கு உன் அப்பா, “ஒரு மனுஷனை வெறும் வயித்தோட உக்கார வச்சுக் காசு பத்திப் பேசுறதா? நம்ம வீட்ல அந்தப் பழக்கம் கிடையாது சைரா” என்று சொல்லி, மூன்று பேரையும் வீட்டுக்கே விருந்துக்கு அழைத்துவிட்டார்.

வீட்டுக்கு விருந்தாளி என்றால் ஆடு அறுக்காமல் முடியுமா. முதலில் வந்தவர் வங்கிக்காரர், விருந்தாளிக்கு மரியாதையாக ஆட்டுத்தலையை அவர் முன்னால்தான் வைத்தோம், காதை மென்றபடியே பணத்தை வங்கியில் போடுங்கள் என்றார், பிறகு நம் மெத்தையில் படுத்து அஸர் தொழுகை வரைக்கும் உறங்கினார். இரண்டாமவர் மனைவி, மாமியார், மைத்துனன் என்று ஆறு பேரோடு வந்து, வங்கியில் போடாதீர்கள், நிலம் வாங்குங்கள் என்றார். போகும்போது மாமியாருக்குப் பட்டுத் துண்டு போர்த்தி, கையில் தொடைக்கறியும் கொடுத்து அனுப்பினோம். ஒரு ஆட்டின் விலை பதினைந்தாயிரம் சோம், துண்டு தனி. உனக்குத்தான் தெரியுமே, இருக்கிற சேமிப்போடு அந்த ஏழு ஆட்டையும் விற்றுத்தான் இந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் மக்காவுக்கு உம்ரா போவதாக நிய்யத் வைத்திருந்தோம். நான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்ட பயணத்தை உன் ஆலோசகர்கள் எலும்போடு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதாக வந்தது பெர்மெத் என்ற சின்னப் பெண். அதற்குள் மூன்றாவது கிடாயும் கொப்பரையில் வெந்துகொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ஒரு நோட்டை எடுத்து, “உங்க வீட்ல பெரிய செலவு எது அக்கா?” என்றாள். பொய் சொல்லக்கூடாதே, “நீங்கதான் தங்கச்சி” என்றேன். உன் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவள் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தாள், யோசித்தாள், வீணாக்கக்கூடாது என்று மறுபடி எடுத்துக்கொண்டாள். நான் கணக்கைக் காட்டினேன். “என் ஃபீஸ் ஐநூறு சோம்தான் மாமா, ஆபீசுக்கு வந்திருந்தா கிடாய் மிச்சமாயிருக்கும்” என்று உன் அப்பாவிடம் சொன்னாள். பிறகு அவள் சொன்ன யோசனை இதுதான்: சேமிப்பு, கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். மிச்சமுள்ள நாலும் பெட்டை, அவற்றை மலையில் ஆடு மேய்க்கிற என் தம்பி ஒரோஸ்பாயிடம் விட்டால் வசந்தத்தில் குட்டி போடும், உம்ரா ஒரு வருஷம் தள்ளிப்போகும், போகாமல் போகாது. வேலையில்லாமல் இருக்கும் உன் அப்பாவையும் ஆட்டோடு அனுப்பச் சொன்னாள். ஐநூறு சோமை மூன்று முறை எண்ணிக் கொடுத்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் காசு கொடுத்ததில்லை.

மூன்று வாரமாக உன் அப்பா மலையில். ஆடுகள் காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்புகின்றனவாம், பத்து நிமிஷம் தாமதித்தால் திட்டு விழுகிறதாம். வீடு அமைதியாக இருக்கிறது, ஐந்து வேளையும் நேரத்துக்குத் தொழுகிறேன், உண்மையைச் சொன்னால் மனசு அவரைக் கொஞ்சம் தேடுகிறது. அங்கே சிக்னல் இல்லை, யாரையும் அழைக்க முடியாது என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். நேற்று குன்றின் மேலே ஏறி நின்று போன் பண்ணினார். பக்கத்துக் கூடாரத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறாராம், ரொம்ப விஷயம் தெரிந்தவராம், ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டால் என்ன என்கிறார். நாளை காலை முதல் வண்டியில் மலைக்குப் போகிறேன். ஆடுகளுக்குப் பக்கத்திலேயே படுப்பேன்.

அல்லாஹ் உனக்கு ஆயுளும் ஹலாலான வருமானமும் தரட்டும், உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், காதை மூடித் தொப்பி போடு. மறக்காதே, இனி யோசனை இருந்தால் என்னிடம் சொல், அப்பாவிடம் சொல்லாதே. விடுமுறைக்கு ஒரு கொரிய நண்பனை அழைத்து வருவதாகச் சொன்னாயே, தாராளமாக வரட்டும், ஆனால் அவன் இறைச்சி தொடமாட்டான் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லி வை.

துஆவுடன்,
உன் அம்மா சைராகுல்