பச்சை நிறத்துக்குள் இருப்பவர்கள்

என் பிரியத்துக்குரிய மாஸ்டருக்கு,

அதிகாரி கொண்டுவந்த படத்தை நான் கிழித்து எறிந்தேன் என்று கொட்டகலைக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பொய். ஒழுங்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். கிழிக்கும் அளவுக்கு அது ஒரு படமாகவே இல்லை.

உங்கள் தங்கை லூர்து இருக்கும் மேல் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. பிளவுக்குள் கை போகிறது. அடுத்த பெருமழைக்கு முன்னால் அந்தக் குடும்பங்களுக்கு வேறு இடம் உண்டா என்று சொல்லத்தான் அந்த அதிகாரி, டை கட்டிய ஓர் இளைஞர், தோட்டத்து மண்டபத்துக்கு வந்தார்.

மண்சரிவு அபாயப் படத்தையும் நிலப்பயன்பாட்டுப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் காட்டினார். "சிவப்பு விழுந்த இடம் பூரா தேயிலைங்க. குடியிருப்பு ஒண்ணும் இல்ல. அதனால யாரையும் வேற இடத்துக்கு எடுக்கத் தேவையில்ல."

"லயம் எங்கே தம்பி?" என்று கேட்டேன்.

"லயம் தோட்டத்துக்குள்ள வருதுங்கம்மா. தோட்டம்னா பச்சை."

"அப்படியானால் என் நாத்தனார் தேயிலைச் செடியா?"

பின்வரிசையில் ஒருவர், "காலையில வேலைக்குப் பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப மட்டும் ஆளுங்க, படத்துல கொழுந்துங்க" என்றார். மண்டபமே சிரித்தது. இளைஞர் சிரிக்கவில்லை. அச்சிட்ட ஜனத்தொகைப் படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கள் பிரிவு முழுவதும் இளமஞ்சள், அதாவது ஆட்கள் குறைவாம். ஆளே இல்லாத காட்டையும் மலையையும் சேர்த்துச் சராசரி போட்டால் எந்த ஊரும் வெளுக்கும்.

எதற்கு எந்தப் படம் என்பதுகூட இவர்களுக்குத் தெரியவில்லை. நிலப்பயன்பாட்டுப் படம் மண்ணில் என்ன விளைகிறது என்று சொல்லும், யார் தூங்குகிறார் என்று சொல்லாது. சம மழைக்கோடு மழையைச் சொல்லும், கூரையைச் சொல்லாது. ஆட்கள் எங்கே என்று தெரிய வேண்டுமானால், இத்தனை பேருக்கு ஒரு புள்ளி என்று புள்ளிப் படம் போட வேண்டும். நீங்கள் இதை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். தெரியாத பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு ஏற்றவும் மாட்டீர்கள். இவரை யார் ஏற்றிவிட்டார்கள்?

திரும்பும் வழியில் லூர்து என்னோடு சண்டை. "அண்ணி, உங்க வாயால எங்களுக்குக் கெடைக்கிறதும் கெட்டுப்போயிரும். ஆபிஸ்காரங்ககிட்ட இப்பிடியா பேசுறது?"

"என்ன கிடைக்க இருந்தது, லூர்து?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாளாகப் பேசவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்னை வாயை மூடச் சொல்லியிருப்பீர்களா?

மழை தொடங்கும் அன்று, அவள் பேசினாலும் பேசாவிட்டாலும், அவள் குடும்பத்தை நம் வீட்டுக்குக் கூட்டிவருவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. ஆனால் மேல் லயம் முழுவதற்கும் நம் வீட்டில் இடமில்லை. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

உங்களால் பதில் எழுத முடியாது. அந்த இளைஞரை அனுப்பிய அலுவலகத்தால் முடியும். மேல் லயத்தில் மனிதர்கள் வசிக்கிறார்களா, இல்லையா? பதிலை எழுத்தில் அனுப்பவும்.

உங்கள் மனைவி,
ரெஜினா