ரீகால்னா வண்டியைப் பிடுங்கறது இல்லடா தம்பி

என் கண்ணான தம்பி அந்துவானுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்கு வருஷப் பூசை. கோயிலில் உன் பேரை வாசிப்பார்கள், அப்போது அழுதுகொள்கிறேன். இன்றைக்குக் கோபம்தான் வருகிறது. டிரைவர் சங்கத்து மலரில் போட உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற கோபமா இது? நான் சொல்லுகிற மாதிரியே போடுவதாக இருந்தால் தருகிறேன் என்றேன். சரி என்றார்கள். அதனால் நீ கேள். வேன் ஓட்டுகிற எல்லாரும் கூடவே கேட்கட்டும்.

வேன் விற்ற ஷோரூம்காரன் வந்த காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உப்பளம் வேன் ஸ்டாண்டு ஓரத்தில் நான் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். நீயும் உன் கூட்டாளி சவரியும் பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தீர்கள். மில்லில் வேலை போனதும் இரண்டு பேரும் சேர்ந்தே போய், ஒரே கம்பெனி வேனை ஆளுக்கொன்றாக வாங்கி வந்தவர்கள். வந்தவன் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை.

"உங்க ரெண்டு வண்டிக்கும் ரீகால் வந்திருக்கு. கொண்டாந்து ஷோரூம்ல விட்டுடுங்க."

"இன்னா சார் வந்திருக்கு?" என்று கேட்டாய்.

"ரீகால்யா, ரீகால். கம்பெனி ஆர்டர்." அவ்வளவுதான். புகை விட்டுக்கொண்டு போய்விட்டான்.

பெஞ்சில் நம்ம தெரு சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருக்குத் தெரியாத வெள்ளைக்காரப் பேச்சு உண்டா என்று நமக்கு நினைப்பு. காபியைக் கீழே வைத்தார்.

"அது ரப்பேல்டா. பிரெஞ்சுல ரப்பேல், இங்கிலீஷ்ல ரீகால். லீவுல வந்த சொல்தாவுக்கு ரப்பேல் வந்துச்சுன்னா, சோத்துல கை வெச்சிருந்தாலும் எழுந்து கப்பலேறணும். அப்புறம் எப்ப வருவான்னு பொண்டாட்டிக்கும் தெரியாது, மாதாவுக்கும் தெரியாது."

"அப்ப வண்டிய?" என்றான் சவரி.

"கூப்ட்டுக்குவான். கம்பெனி பெத்த புள்ளைய கம்பெனி கூப்டுது. நீ யாரு கேக்க?"

நீ பாதி ஆப்பத்தை அப்படியே வைத்துவிட்டாய். "விட்டுடுங்கன்னுதான சொன்னான்? எப்ப வந்து எடுத்துக்கன்னு சொன்னானாக்கா?" என்று என்னைக் கேட்டாய். சொல்லவில்லைதான். உன் புத்தி அங்கே சரியாகத்தான் வேலை செய்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே உன் வேனைப் பிள்ளைச்சாவடியில் மாமனார் வீட்டுக் கொல்லைக்கு ஓட்டிப்போய், மேலே பழைய வலையையும் தென்னை ஓலையையும் போட்டு மூடினாய். சவரியும் தன் வேனைப் பக்கத்திலேயே மறைத்தான். இன்னொரு தடவை அந்த ஷோரூம்காரன் ஸ்டாண்டுக்கு வந்தான்.

"அந்துவானா? அவன் காரைக்காலுக்கு விருந்துக்குப் போயிருக்கான் சார்," என்றான் சவரி.

"ரெண்டு வண்டியும் எங்கய்யா?"

"அதுங்களையும் விருந்துக்குக் கூப்ட்டிருந்தாங்க சார்."

ஸ்டாண்டே சிரித்தது. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான், பிறகு வரவேயில்லை. நீ வேனைத் திரும்ப எடுத்து வந்து, கழுவிப் பொட்டு வைத்து, "தப்பிச்சிட்டேன்க்கா" என்றாய். எதிலிருந்து தப்பித்தாய், தம்பி? ஒளித்து வைக்கத் தெரிந்த உனக்கு, அவனை மறித்து "எதுக்கு?" என்று கேட்கத் தெரியவில்லையா?

அப்புறம் ஒருநாள் அரியாங்குப்பம் தாண்டி, மீன் கூடையோடு ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவுக்காக நீ பிரேக்கை மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. வளைத்துக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் மோதினாய். அந்த அம்மா உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சீட்ட விட்டு எழும்பி எழும்பி மிதிச்சுதும்மா அந்தப் புள்ள, வண்டி கேக்கல" என்றார். ஆனால் போலீஸ்காரர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து, செத்துக்கிடந்த உன் வாயை மோந்து பார்த்தார். நம்ம ஊர் டிரைவர் என்றால் சாராயம்தான் என்று அவருக்கு எண்ணம். பண்டிகைக்குக்கூடத் தொடாதவன் நீ. மோந்து பார்த்தவர் அந்த பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தாரா?

அதே பூசைக்கு விழுப்புரத்திலிருந்து உன் சிநேகிதன் ஒருவன் வந்தான். அவனும் அதே மாதிரி வேன் ஓட்டுகிறவன்.

"பிரேக் ஆயில் போற பைப்புக்கா. அடியில இரும்புல உரசி உரசி ஓட்டையாவுதாம். தப்பு கம்பெனியோடதுன்னு அவங்களே எல்லா வண்டியையும் கூப்ட்டு ஓசில மாத்திக் குடுத்தாங்க. காலைல உட்டேன், சாயந்தரம் எடுத்துக்கினேன். இங்க சொல்லலயா?"

சொன்னார்கள். சொன்னதுதான் கொடுமை.

சொல்தா மாமா அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனார். அப்புறம் ஸ்டாண்டு பக்கமே வருவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் பிழைப்பில் பார்த்ததைச் சொன்னார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒற்றை வார்த்தையை வீசிவிட்டுப் போனவன் மேல்தான் கோபம்.

இவ்வளவுக்குப் பிறகும் சவரி போகவில்லை, தெரியுமா? கான்வென்ட் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே வேனை ஓட்டினான். "ஆள் செத்த மாடல்க்கா. இப்ப போனா வண்டியவே உடைச்சுப் போட்டுடுவான்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆப்பச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

"உடைச்சா உடைக்கட்டும்டா. பிள்ளைங்கள இறக்கி உட்டுட்டு வா. நானும் வரேன்."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவு மெதுவாக ஓட்டினான்.

ஷோரூமில் உன் பேரைச் சொன்னேன். மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. ஆள் அனுப்பிச் சொன்னோம். உங்க தம்பிதான் வரல. நாங்க என்ன பண்றது?"

"இன்னா சொல்லி அனுப்புனீங்க?"

"ரீகால்னு."

"அத எனக்குத் தமிழ்ல சொல்லுங்க."

"திரும்ப... அழைக்கிறது."

"யாரு யார அழைக்கிறாங்க? எதுக்கு?"

"வண்டிய. பிரேக்ல ஒரு சின்ன..."

"பிரேக்குன்னா எங்க தெருவுல ஆனா ஆவன்னா படிக்காதவனுக்குக்கூடப் புரியும். அந்த வார்த்த உங்க ஆளு வாயில வரலயா? ஓசின்னு சொல்ல வரலயா? சாயந்தரம் திருப்பிக் குடுப்போம்னு சொல்ல வரலயா? மூணுல ஒண்ணு சொல்லியிருந்தா எந்தம்பி ஓடி வந்திருப்பானே!"

கார் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் குரலை இறக்கி, "கெடு முடிஞ்சிடுச்சும்மா, இனிமே காசு ஆகும்" என்றார். "வண்டி இங்கயே நிக்கட்டும். நானும் வாசல்ல உக்காந்துக்கறேன். வர்றவங்க கேட்டா, தம்பி எப்படிச் செத்தான்னு சொல்றேன்" என்றேன். அப்புறம்தான் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். பேசிவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. கெடு எதுவும் இல்லையாம். எப்போது வந்தாலும் ஓசிதானாம். வண்டி கைமாறியிருந்தாலும் ஓசிதானாம்.

மறுநாள் பஸ்ஸில் பைப் வந்தது. மாட்டினார்கள். கழற்றின பழைய பைப்பைக் காட்டச் சொன்னேன். என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. ஒரு இடத்தில் தேய்ந்து பளபளவென்று இருந்தது, நகத்தால் அழுத்தினால் உள்ளே போய்விடும்போல. சவரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத நான் எடுத்துக்கிறேன்," என்றேன்.

"குடுக்க முடியாதும்மா. இதத்தான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்," என்றார் மெக்கானிக்.

அவர்கள் திரும்பக் கேட்டது இதைத்தான், அந்துவான். உன் வேனை இல்லை. இந்தச் சுண்டுவிரல் பைப்பை.

இப்போது சவரி வேனில் பிள்ளைகள் பயமில்லாமல் போகிறார்கள். வீராம்பட்டினத்தில் அதே மாதிரி இன்னொரு வேன் ஓடுகிறதாம். யாரிடமோ பழசாக வாங்கினவனாம், ஷோரூமுக்கு அவன் விலாசம்கூடத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போகிறேன். அவன் பயந்து வலை போட்டு மூடியிருந்தாலும் விலக்கிப் பார்ப்பேன். பிரேக்குடா, ஓசிடா, சாயந்தரம் உன் வண்டி உன் வீட்டுக்கு வந்துடும்டா என்று அவனிடம் சொல்வேன். நம்பாவிட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். உனக்கு யாரும் செய்யாததை ஒருத்தனுக்காவது செய்யாமல் விடமாட்டேன், இது சத்தியம்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த
உன் அக்கா தெரேஸ்