செவ்வாய்க்காக நீ வாதாடியது

இன்று கடையில் பொட்டுக்கடலை கட்டிக் கொடுத்த பழைய தினசரியைப் பிரித்தேன். தாளுக்குள் செவ்வாய்க் கிரகம் இருந்தது. விண்கலம் எடுத்த படமாம். பார்த்த இடமெல்லாம் பள்ளம். வாய்க்கால் இல்லை, பச்சை இல்லை, உயிரற்ற உலகம் என்று எழுதியிருந்தார்கள். கடலையைத் தட்டிவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நம் வழக்கில் நான்தான் ஜெயித்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்ல வழியில்லை.

கல்லூரி மலருக்கு நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையில் எழுந்த வழக்கு அது. செவ்வாயில் முன்பு உயிர் இருந்திருக்கலாம் என்பது உன் கட்சி. வரிக்கு வரி எதிர்ப்பது என் வேலை. நான் வாயடைத்துப்போனால்தான் அந்த வரி கட்டுரையில் ஏறும். கன்னிவாடியில் உங்கள் கண்மாய் வற்றிக் கிடந்த கோடையில், வெடித்த மண்ணிலிருந்து நத்தை ஓடு ஒன்றைப் பிடுங்கி, தண்ணீர் இருந்ததற்கு இது போதாதா என்றாய். செவ்வாயிலிருந்து ஓடு கொண்டுவா, ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

"நீயெல்லாம் பெத்த பிள்ளைக்கே ரசீது கேப்படி" என்று சிரித்தாய்.

கடைசிப் பத்தியில் முட்டிக்கொண்டு நின்றோம். மலர் நம்மை விட்டுவிட்டு அச்சானது. பிறகு ஆளுக்கொரு கல்யாணம்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழியில், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டாய். அத்தனை கூட்டத்தில் என் கையை இழுத்து உன் வயிற்றில் வைத்தாய். உள்ளிருந்து ஓர் உதை.

"இப்பச் சொல்லு. இதுக்கும் சாட்சி கேப்பியா?"

அதுதான் கடைசி. பிரசவத்தில் நீ போய்விட்டாய். பிள்ளையும் அழாமலே போய்விட்டது. துக்கம் கேட்க வந்த என்னிடம் உன் அம்மா, "அவளுக்குப் பிள்ளைன்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அழாத பிள்ளையை உங்கள் வீட்டில் பிள்ளையாகச் சொல்வதில்லையாம். பெயர் இல்லை. புதைத்த இடத்தையும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு இப்போது ஒரு மகள். அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு பட்ட பிறகும் விரலை எடுக்க மனம் வருவதில்லை. "செத்த நேரம் பிள்ளையத் தூங்க விடேன்" என்று வீட்டுக்காரர் கடிந்துகொள்கிறார். அப்போதெல்லாம் நீ பக்கத்தில் நின்று, நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று பார்ப்பதுபோல் இருக்கும்.

நம் கடைசிப் பத்தியை இன்று எழுதி முடித்தேன். படத்தில் விழுந்தது ஒரு துண்டு நிலம்தான். அதில் உயிரின் அடையாளம் இல்லை என்பது உண்மை. அதை வைத்து, உயிரே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. இதுவரை விஞ்ஞானம். உன் பிள்ளை இருந்ததை என் உள்ளங்கை அறியும். அதைக் கட்டுரையில் எழுத இடமில்லை, உனக்குத்தான் எழுத முடியும்.

உன் கட்சிக்கு வந்துவிட்டேன். எதிர்த்துக் கேட்கத்தான் ஆளில்லை.